அளவு ஜாக்கெட்

சிதம்பரம்
17.2.2024

அன்புள்ள கனி அக்காவுக்கு,

வெண்மதி எழுதுகிறேன். நான் சுகம். நீ, மாமா, சினேகா, குப்பத்தில் அம்மா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

தீபாவளிக்கு நீ போட்ட லெட்டரை இன்னும் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். ஆறு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். போன் பண்ணாதே, போனை வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பார், பால்வாடி விலாசத்துக்கு எழுது, அங்கே வேலை செய்கிற என் கையில்தான் போஸ்ட்மேன் கொடுப்பார் என்று எழுதியிருந்தாய். அதனால் இன்லேண்டு லெட்டர் வாங்கப் போனேன். தபால் ஆபீசில் ஒரு மாதிரி பார்த்தார்கள். லெட்டர் கேட்டதற்குப் பார்த்தார்களா, என்னைப் பார்த்தார்களா, தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்துவிட்டேன். இங்கே ஒரு சின்ன லேபில் எட்டு மாசமாக வேலையும் பார்க்கிறேன். எல்லாம் உள் அறை வேலை. டியூபில் பேர் ஒட்டுவது, மிஷினில் வைப்பது, கழுவுவது. ரத்தம் எடுக்க விடுவதில்லை. "பேஷண்ட் கை நீட்ட மாட்டாங்கம்மா" என்கிறார் முதலாளி. கெட்டவர் இல்லை. படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள் நான்தான் அக்கா. குழந்தைகள்கூட அழாது.

இப்போது கடலூரில் ஒரு பெரிய லேபுக்கு ரத்தம் எடுக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். திருநங்கைகளும் விண்ணப்பிக்கலாம் என்றே விளம்பரத்தில் போட்டிருந்தது. போட்டுவிட்டேன். ஜூன் மாசம் இன்டர்வியூ இருக்கும் என்றார்கள்.

புடவை கட்டிப் போகவேண்டும் என்று ஆசை. சுடிதாரில் தோள் அகலம் பளிச்சென்று தெரிகிறது. புடவையில் கொஞ்சம் அடங்குகிறது. இளம்பச்சைக் காட்டன், கரும்பச்சைக் கரை, வாங்கிவிட்டேன். ஜாக்கெட்டுக்குத்தான் வழியில்லை. மூன்று டெய்லரிடம் போனேன். மூன்று பேருமே என் மேல் டேப் வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "அளவு ஜாக்கெட் கொண்டா, தெச்சுத் தர்றேன்" என்றுதான் சொன்னார்கள். நன்றாகப் பொருந்துகிற ஒரு ஜாக்கெட் என்னிடம் இருந்தால்தானே அக்கா அளவுக்குக் கொடுக்க? ரெடிமேடு தோளில் ஏறவில்லை. என்னோடு அறையில் இருக்கிற வித்யாவும் திருநங்கைதான், இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அவள் ஜாக்கெட் எனக்குத் தொளதொள.

பள்ளிக்கூடத்தில் என் யூனிபார்ம் சட்டையெல்லாம் நீ தைத்ததுதான். இதையும் தைத்துத் தருவாயா? கேட்கக்கூடாததைக் கேட்டிருந்தால் பதில் போடாமல் விட்டுவிடு. புரிந்துகொள்வேன்.

உன் தங்கை
வெண்மதி


கடலூர் முதுநகர்
4.3.2024

பிரியமுள்ள மதிக்கு,

கனிமொழி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். உன் உடம்பையும் பார்த்துக்கொள். அம்மாவுக்குக் கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்க்கிறோம்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. போன மாசக் கடைசியில் சினேகா ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் ஆள் நடமாட்டம் ஜாஸ்தி. இப்போது போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

ஜாக்கெட் நான் தைக்கிறேன். பால்வாடியிலேயே ஒரு பழைய மிஷின் இருக்கிறது, மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது தைத்துவிடுவேன். புடவைக் கரையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கவரில் வைத்து அனுப்பு. அதற்கு ஒத்த துணி நான் எடுத்துக்கொள்கிறேன்.

அளவை நீயே எடுத்து எழுது. கண்ணாடி முன்னால் நின்று எடு. டேப்பை இறுக்காதே, ரெண்டு விரல் நுழையவேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டு எடுக்காதே. தோள், மார்பு, இடுப்பு, உயரம், கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. முன்பக்கம் மார்பு நிற்க டாட் மடிப்பு பிடிக்கவேண்டுமா வேண்டாமா, அதையும் எழுது. எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முடி இப்போது எவ்வளவு நீளம் இருக்கிறது? சும்மாதான் கேட்டேன்.

இப்படிக்கு
கனிமொழி


சிதம்பரம்
10.3.2024

அன்புள்ள அக்கா,

உன் லெட்டர் வந்த அன்று வித்யாவுக்கும் எனக்கும் ராத்திரிச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சினேகாவுக்கு என்ன உடம்பு? எதுவாக இருந்தாலும் ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிவிடு. அந்த வயசுப் பிள்ளைகளுக்கு ரத்தம் கம்மியாகத்தான் இருக்கிறது.

அளவுகள்: தோள் பதினாறரை. மார்பு முப்பத்துநாலு. இடுப்பு இருபத்தெட்டு. உயரம் பதினைந்து. கை நீளம் பத்து, முழங்கை வரைக்கும் வரட்டும். கைச் சுற்று பத்தரை. முன் கழுத்து ஆறு. பின் கழுத்து மூன்று போதும், முதுகை மூடிவிடு. டாட் பிடி அக்கா. இப்போது தேவைப்படுகிறது.

வித்யாதான் டேப் பிடித்தாள். ஒவ்வொரு அளவையும் கத்திச் சொன்னாள், ஏலம் போடுகிற மாதிரி.

மற்றதெல்லாம் தயார். வளையல் கிடையாது, லேபில் ஆகாது. சின்னப் பொட்டு. செருப்புதான் பெரிய பாடு, என் காலுக்கு லேடீஸ் செருப்பு கிடைக்கவில்லை. கடைசியில் ஆண்களுடையதில் கறுப்பாக ஒன்று எடுத்தேன், புடவை மறைத்துவிடும்.

முடி இடுப்புக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. இன்டர்வியூவுக்கு இறுக்கிக் கொண்டை போடுவேன், ஒரு முடி வெளியே நிற்காது. என் அடையாள அட்டை போட்டோவில்கூடக் கொண்டைதான். என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது முடியைத்தான் அக்கா. அதற்குப் பிறகுதான் குரலைக் கேட்கிறார்கள்.

இன்டர்வியூ தேதி வந்துவிட்டது. ஜூன் பத்து, திங்கட்கிழமை.

உன் தங்கை
வெண்மதி


கடலூர் முதுநகர்
22.4.2024

பிரியமுள்ள மதிக்கு,

நலம். நலமாக இரு.

ஜாக்கெட்டைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் துணி விட்டிருக்கிறேன், இறுக்கிப் பிடித்தால் பிரித்துக்கொள். இடுப்பு இருபத்தெட்டு என்பதை மூன்று தடவை படித்தேன். தப்பாக அளந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். வீட்டை விட்டுப் போகும்போது நீ இவ்வளவு மெலிவு இல்லை. வெட்டும்போது தோளையும் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். நீ எதிரில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கத்திரிக்கோலை வைத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். முதல் லெட்டரிலேயே எழுதியிருக்கவேண்டும், கை வரவில்லை. சினேகா பிப்ரவரியில் பெரியவளாகிவிட்டாள். வைகாசியில் மஞ்சள் நீராட்டு. மே இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஒரு மண்டபத்தில்.

தாய்மாமன் வந்து மாலை போடவேண்டும், சீர்ப் புடவை கொடுக்கவேண்டும். உனக்குத் தெரியாதது இல்லை. இந்த வீட்டில் உன் விஷயம் இவருக்கு மட்டும்தான் தெரியும். இவர் அம்மாவுக்கும் தெருவுக்கும் நீ துபாயில் வேலை செய்கிறாய். ஆறு வருஷமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். இப்போது எல்லாரும், தம்பி எப்போது வருகிறான் என்று கேட்கிறார்கள்.

சீர்வரிசை எல்லாம் நானே வாங்கி வைத்துவிடுகிறேன். நீ வேட்டி சட்டையில் வந்து ஒரு மூன்று மணி நேரம் நின்றால் போதும். நாம் எழுதிக்கொள்வதை இவரிடம் சொல்லித்தான் கேட்டேன். இவரும் ஒத்துக்கொண்டார். "மீச கொஞ்சம் இருக்கட்டும், முடி நீளமா இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கட்டாயம் இல்லை. யோசித்து எழுது.

கனிமொழி


சிதம்பரம்
29.4.2024

அக்கா,

நலம்தான். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

ஜாக்கெட் வந்தது. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

சினேகா பெரியவளானது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ரெண்டு மாசம். ரத்தம் டெஸ்ட் பண்ணு என்று நான் எழுதியதைப் படித்து என்ன நினைத்திருப்பாய்?

நான் வருகிறேன் அக்கா. புடவையில் வருகிறேன். அவளுக்குச் சித்தி என்று மேடையில் ஏறவேண்டாம், யாரிடமும் சொல்லவேண்டாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பந்திக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிடுகிறேன். மாலை போட பெரியப்பா மகன் அய்யனார் அண்ணன் இருக்கிறாரே. அவரும் மாமன் முறைதானே?

இந்த முடி வளர ஐந்து வருஷம் ஆனது. ஜூன் பத்தாம் தேதி எனக்கு இது வேண்டும்.

வெண்மதி


கடலூர் முதுநகர்
6.5.2024

மதிக்கு,

உன் லெட்டர் கிடைத்தது. நீ சொல்வது சரிதான். அய்யனார் அண்ணனைக் கேட்டேன், வருகிறேன் என்றார்.

நேற்று அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்க உட்கார்ந்தோம். தாய்மாமன் இடத்தில் என்ன பேர் போடுவது என்று மாமியார் கேட்டார். அய்யனார் பேரைச் சொன்னேன். "கூடப்பொறந்தவன் இருக்கும்போது பங்காளி பேர எதுக்குப் போடணும்? ஆறு வருசமா துபாய்ல என்னாதான் பண்றான் ஒந்தம்பி? உசுரோட இருக்கானா, செத்துப்போயிட்டானா, அதையாவது சொல்லு" என்றார். நாலு பேர் இருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அய்யோ பாவம் என்றார்கள். அம்மாவும் அங்கேதான் இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டது.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ இன்டர்வியூவுக்குப் படி. நேரத்துக்குச் சாப்பிடு.

கனிமொழி


சிதம்பரம்
11.5.2024

அக்கா,

அழைப்பிதழில் என் பழைய பேர் ஆகாஷ் என்றே போடு. இருபத்தாறாம் தேதி காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

முடியைப் பற்றிக் கவலைப்படாதே. மீசைக்கும் பதினைந்து நாள் இருக்கிறது.

மதி


கடலூர் முதுநகர்
30.5.2024

பிரியமுள்ள மதிக்கு,

சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? இங்கே சொந்தக்காரர்கள் எல்லாரும் நேற்றுத்தான் கிளம்பினார்கள். வீடு இப்போதுதான் அமைதியாக இருக்கிறது.

மண்டப வாசலில் நீ வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. கால் வலியோடு ஓடி வந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் விடவில்லையே. போட்டோக்காரர் "ஆகாஷ் அண்ண, இப்டி பாருங்க" என்று கூப்பிட்டபோது நீ ரெண்டு தடவை திரும்பவில்லை. மூன்றாம் தடவை நான்தான் கையைத் தொட்டேன். மாலை போட நீ குனிந்தபோது சினேகா உன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள்.

ராத்திரி அவள் கேட்டாள். "மாமாக்கு ஏம்மா மூக்குல ஓட்ட இருக்கு?" சின்ன வயசில் வேண்டுதலுக்குக் குத்தினது என்றேன். "காதுலயுமா?" என்றாள். தூங்கு என்றேன்.

மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. "அடக்கமான பையன், பேசவே மாட்றான்" என்று தெரு முழுக்கச் சொல்கிறார். இவரும் உன்னிடம் கை குலுக்கினார். பார்த்தேன்.

நீ சாப்பிடாமல் போய்விட்டாய். உனக்குப் போட்ட இலையில் சாம்பார் ஊற்றினது ஊற்றினபடி இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆள் அனுப்பினேன், பஸ் போய்விட்டது என்றார்கள்.

இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் முடி கொஞ்சமாவது வளருமா? தெரியாமல் கேட்கிறேன். இன்டர்வியூவுக்கு அம்மன் துணை இருப்பாள். முடிந்த அன்றே எழுது.

கனிமொழி


சிதம்பரம்
18.6.2024

அன்புள்ள அக்கா,

நலம். எல்லாருக்கும் என் அன்பு.

இன்டர்வியூ நல்லபடி முடிந்தது. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஜாக்கெட் கச்சிதமாக இருந்தது, எங்கேயும் பிரிக்கவேண்டியிருக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. ஜூலை ஒன்றாம் தேதி சேரச் சொன்னார்கள். தினமும் பஸ்ஸில் வந்து போகப்போகிறேன்.

வேலை நெருக்கடியாக இருக்கும், இனி அடிக்கடி எழுத முடியாது. நீ லேபுக்கு வந்து பார்க்கவேண்டாம். தெருக்காரர்கள் யாராவது பார்த்தால் உனக்குத்தான் கஷ்டம்.

சினேகாவை நன்றாகப் படிக்க வை.

வெண்மதி


கடலூர் முதுநகர்
12.8.2024

பிரியமுள்ள மதிக்கு,

எல்லாரும் நலம். உன் உடம்பு எப்படி?

ஜூலையில் ஒரு லெட்டர் போட்டேன், கிடைத்ததா? பதில் இல்லை. வேலையில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன். உனக்கு வேலை கிடைத்ததை நான் யாரிடமும் சொல்லமுடியாது. அதனால் பால்வாடிப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, கை தட்டினார்கள்.

காலையில் எட்டரை மணிக்குப் பாலத்தில் சிதம்பரம் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலைப் பார்க்கிறேன். நீ எந்தப் பஸ்ஸில் வருகிறாய்? வலப் பக்கம் உட்கார்ந்தால் பால்வாடி தெரியும்.

முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

கனிமொழி


கடலூர் முதுநகர்
16.9.2024

என் தங்கச்சி வெண்மதிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ எங்கே, எப்படி இருக்கிறாயோ? நல்லபடி இருக்கவேண்டும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பால்வாடி முடிந்ததும் உன் லேபுக்குப் போனேன். வரவேண்டாம் என்று நீ எழுதினாய்தான். பதிலே வராததால் மனசு கேட்கவில்லை. சுறாப் புட்டு செய்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டினேன். எதற்கு அதைக் கட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. நீ வெள்ளைக் கோட்டில் வருவாய், நான் மட்டும் அழுக்குப் புடவையில் நிற்கக்கூடாது என்று நினைத்திருப்பேன்.

கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்து உள்கதவையே பார்த்தேன். ஊசி போடுகிற அறையிலிருந்து யார் யாரோ வந்தார்கள். உன்னைக் காணோம். எங்கள் தெரு சவரியம்மாள் அக்கா சுகர் டெஸ்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "என்னா கனி, யாருக்கு ஒடம்பு?" என்று கேட்டார். அப்போதே எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

கவுன்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள்.

"எந்த டெஸ்ட்டுக்கா?"

"டெஸ்ட்டு இல்லம்மா. இங்க வேல பாக்குறவங்கள பாக்கணும். வெண்மதி."

"அப்டி யாரும் இல்லியேக்கா."

"ஜூலையில சேந்தாங்கம்மா. ரத்தம் எடுக்குறவங்க. ஒயரமா இருப்பாங்க."

அவள் உள்ளே போய் ஒரு பெரிய நர்ஸைக் கூட்டிவந்தாள். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க அவங்களுக்கு யாரு?" என்றார்.

பின்னால் சவரியம்மாள் அக்கா இருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டேன் மதி. சத்தமாகவே சொன்னேன். "அவ என் தங்கச்சி. நான் அவ அக்கா" என்றேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜூன்ல இன்டர்வியூக்கு வந்தாங்களே, பச்சப் பொடவ கட்டி, கிராப்பு வெட்டி, அவங்களா? ரத்தம் எடுத்துக் காமிக்கச் சொன்னோம், ஒரே குத்துல எடுத்தாங்க, எனக்கே ஆச்சரியம். ஆனா அட்டையில இருந்த போட்டோவும் ஆளும் ஒத்துவரலன்னு மேல ஒத்துக்கல. மொகத்துல வேற கன்னம் பூரா செவந்து கெடந்துது. வேலைக்கு எடுக்கலம்மா."

டப்பாவோடு வெளியே வந்துவிட்டேன். ரோட்டைத் தாண்டி ஒரு கடை வாசலில் உட்கார்ந்தேன். அந்த முடியை வெட்டச் சொன்னது யார்? அந்த மீசையை வளர்க்கச் சொன்னது யார்? நீ அதை ஒரு வரிகூட எழுதவில்லையே. ஜாக்கெட் கச்சிதம் என்று எழுதினாய்.

எனக்குக் கூடப்பிறந்தது ஒரு தம்பி மட்டும்தான் என்று தெரிந்த சவரியம்மாள் அக்கா சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மாமியார் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. இவர் நாலு நாளாகப் பேசவில்லை. நேற்று ராத்திரி மட்டும், "ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே போன்லயே பேசிக்கோ" என்றார். கோபத்தில் சொன்னாரா, உண்மையில் சொன்னாரா, தெரியவில்லை. எனக்குப் போனில் பேசத் தைரியமில்லை. உன் குரலைக் கேட்டால் என்ன சொல்வேன்?

மன்னித்துக்கொள் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது சின்ன வார்த்தை.

உன் அக்கா
கனிமொழி


சிதம்பரம்
24.9.2024

அன்புள்ள அக்கா,

உன் லெட்டர் வந்தது. வீட்டில் நிலைமை கொஞ்சமாவது சரியானதா? மாமியாரோடு சண்டை வைத்துக்கொள்ளாதே. சினேகாவை ஏதும் சொல்லாமல் பார்த்துக்கொள்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன். முடியை வெட்டியது வித்யாதான். ஆண்கள் சலூனுக்கும் போகமுடியாது, பியூட்டி பார்லருக்கும் போகமுடியாது. "வேணான்டி, அவுங்களுக்கு மூணு மணி நேரம், ஒனக்கு ஒரு வாழ்க்க" என்று கத்தினாள். நான் கேட்கவில்லை. வெட்டும்போது திட்டிக்கொண்டே வெட்டினாள், அப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை. மீசையை எடுத்த பிறகு கன்னம் முழுக்கத் தடித்துவிட்டது. பவுடர் போட்டால் எரிந்தது. அப்படியேதான் போனேன்.

அங்கே யாரும் கெட்டவார்த்தை சொல்லவில்லை அக்கா. மரியாதையாகத்தான் கேட்டார்கள். அட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இது நீங்கதானா?" என்றார் ஒருவர். நான்தான் என்றேன். "அப்புறம் ஏன் முடிய வெட்டினீங்க? பொண்ணா வாழணும்னு முடிவு பண்ணவங்க ஏன் வெட்டணும்?" என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உன்னைக் குற்றவாளியாக நிறுத்தின மாதிரி ஆகும். உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னதுகூடப் பரிதாபப்பட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருந்தது. ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினால் லெட்டர் போக்குவரத்தை நிறுத்திவிடலாம், நீயும் நிம்மதியாக இருப்பாய், நானும் பொய்யாக நலம் நலம் என்று எழுதவேண்டாம் என்று நினைத்தேன். உன் ஜூலை, ஆகஸ்ட் லெட்டர்களைப் பிரிக்கவே இல்லை. இன்றைக்குத்தான் பிரித்தேன். வலப் பக்க ஜன்னல் என்று எழுதியிருந்ததைப் படித்தேன்.

நான் அதே சின்ன லேபில், அதே உள் அறையில்தான் இருக்கிறேன். முடி கழுத்தைத் தொட இன்னும் மூன்று விரல் இருக்கிறது. அடுத்த மாசம் பண்ருட்டியில் ஒரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். முடி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவோடு போகப்போகிறேன். இந்தத் தடவை யாருக்காகவும் எதுவும் செய்துகொள்வதாக இல்லை, உனக்காகவும்கூட. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எழுது, வருவேன். புடவையில்தான் வருவேன்.

மன்னிப்பெல்லாம் கேட்காதே. எனக்கு இப்போது ஒரே ஒரு வருத்தம்தான். வேலை கிடைக்காததுகூடப் பழகிவிட்டது. ஆறு வருஷமாக அந்தச் சொல்லை உன் வாயால் எப்போது கேட்பேன் என்று இருந்தேன். நீ சொல்லிவிட்டாய். கவுன்டர் பெண் கேட்டிருக்கிறாள், அந்த நர்ஸம்மா கேட்டிருக்கிறார், சவரியம்மாள் அக்கா கேட்டிருக்கிறார். நீ தங்கச்சி என்று சொன்னபோது கதவைத் திறந்துகொண்டு வர நான் அந்த இடத்தில் இல்லாமல் போய்விட்டேன் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்காலம் வருகிறது, கடற்கரைக் காற்றில் அம்மாவைப் படுக்கவிடாதே.

உன்
வெண்மதி